தறி கூடத்தில், மிக்ஸி கப்போர்டில்... ஆரணி வீடுகளில் பிளக் பாயின்ட்டை எங்கே வைப்பது?

ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சோபாவோ டி.வி-யோ இல்லை, தறிதான். தெருவைப் பார்த்த கூடம் முழுக்கக் குழித்தறிக்கே போய்விடும். மிச்சம் இருக்கும் நீளமான ஒடுக்கத்தில் ஒரு அறை, அதற்கும் பின்னால் சமையலறை. ஆரணி டவுனில் மட்டுமல்ல, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று சுற்றுவட்டார நெசவு ஊர்களிலும் பழைய வீடுகள் பெரும்பாலும் இதே வாகுதான்.

இப்படிப்பட்ட சமையலறையில் மேடை என்பது நாலடி கடப்பா கல். அதில் அடுப்பு வைத்தால் பாத்திரம் வைக்க இடமில்லை. அதனால் மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன், தண்ணீர் சுத்திகரிப்பான் எல்லாம் ஒவ்வொன்றாகக் கப்போர்டுக்குள் நுழைந்துவிட்டன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கதவைச் சாத்தினால் சமையலறையே துடைத்துவிட்ட மாதிரி. ஆனால், அந்தக் கதவுக்குப் பின்னால் வயர் எப்படி வந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். ஹாலில் இருந்து இழுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதன் மேல் ஒரு கன்வர்ட்டர் பிளக், அதன் மேல் இன்னொன்று!

ஏன் இப்படி ஆனது? இந்த வீடுகளில் பலவற்றுக்கு வயரிங் செய்த காலத்தில் சமையலறைக்கு ஒரு பல்பு, ஒரு 5 ஆம்பியர் பாயின்ட் போதும் என்றுதான் கணக்கு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு குடும்ப அட்டைதாரர்களுக்கு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அம்மியும் ஆட்டுக்கல்லும் ஓரங்கட்டப்பட்டன. தறியில் உட்காரும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், மிக்ஸி வந்த வேகத்தில் வயரிங் மாறவில்லை. 2023-ல் கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 300 யூனிட்டாகவும், விசைத்தறிக்கு 750 யூனிட் 1,000 யூனிட்டாகவும் உயர்ந்தது. சமையலறையில் புதுப் பொருள் வாங்கத் தைரியம் வந்தது. சுவருக்குள் ஓடும் வயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

நெசவாளர் வீட்டில் இது சாதாரண விஷயமும் இல்லை. சமையலறைக்கும் தறிக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். தறியில் பாதி நெய்த சேலையும் பாவும் ஏற்றி இருக்கும். பட்டு இழை பஞ்சு மாதிரி சட்டென்று பற்றிக்கொள்ளாது. ஆனால், புகைக் கறை படிந்தாலோ, தீயணைக்க ஊற்றிய தண்ணீர் பட்டாலோ அந்தச் சேலை கடைக்குப் போகாது. பட்டும் ஜரிகையும் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கத்துடையது அல்லது முதலாளியுடையது. நஷ்டத்தை யார் தலையில் கட்டுவார்கள் என்று சொல்ல வேண்டுமா?

முதலில் ஒரு சின்ன பெருக்கல் கணக்கு

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். சின்ன மூன்று துளை சாக்கெட், அதாவது கடைக்காரர் இன்னும் '5 ஆம்ப்ஸ்' என்று சொல்வது, இப்போதைய இந்தியத் தரத்தில் 6 ஆம்பியர். 230-ஐ 6-ஆல் பெருக்கினால் 1,380 வாட். அதற்கு மேல் இழுக்கும் எதையும் அதில் சொருகக் கூடாது. பெரிய துளை சாக்கெட், '15 ஆம்ப்ஸ்' என்பது, இப்போது 16 ஆம்பியர். 3,680 வாட் வரை தாங்கும்.

இப்போது உங்கள் வீட்டுப் பொருள்களின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். மிக்ஸி 500 முதல் 750 வாட். டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட் அளவில்தான் இருக்கும். ஆர்.ஓ. சுத்திகரிப்பான் ஒரு பழைய குண்டு பல்பு எடுக்கும் மின்சாரத்துக்குள் அடங்கிவிடும். இவையெல்லாம் சின்ன சாக்கெட்டுக்கு ஓகே. ஆனால், இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை போகும். ஓ.டி.ஜி., கெட்டில் எல்லாம் 1,500 வாட்டைத் தொடும். சிங்க்குக்குக் கீழே மாட்டும் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 3,000 வாட். இவை எல்லாமே பெரிய சாக்கெட் சமாசாரம்.

மைக்ரோவேவ் அவனில் ஒரு குழப்பம் உண்டு. பெட்டியின் மேல் '800 வாட்' என்று போட்டிருப்பது உணவுக்குள் போகும் சக்தி. சுவரிலிருந்து அது இழுப்பது 1,200 வாட்டுக்கு மேல் இருக்கலாம். பின்பக்கத் தகட்டில் 'இன்புட்' என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

கப்போர்டுக்குள் ஒரு 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் இண்டக்‌ஷனும் மிக்ஸியும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் 2,750 வாட், அதாவது 12 ஆம்பியர். பெட்டி தாங்குவது 6. 'எம்.சி.பி. டிரிப் ஆகிவிடுமே' என்று நினைக்கலாம். ஆகாது. அந்த எம்.சி.பி. 16 ஆம்பியருக்கோ அதற்கு மேலோ போட்டதாக இருக்கும். அதன் கண்ணுக்கு 12 ஆம்பியர் ஒரு பிரச்னையே இல்லை. சூடாவது எக்ஸ்டென்ஷன் வயரும், உள்ளே தளர்ந்து போன பித்தளைப் பிடிப்புகளும்தான். மிச்ச வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தால் சூடு வெளியேற வழியே இல்லை. பழைய ஃபியூஸ் கட்டை இருக்கும் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகக் கிடைத்த கட்டுக்கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். அது எதற்கும் உருகாது.

ஆகவே, கப்போர்டுக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். சுவருக்குள்ளோ, பி.வி.சி. பைப்புக்குள்ளோ தனி வயர் இழுத்து நிரந்தர சாக்கெட் வைப்பதுதான் சரி. 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் 16 ஆம்பியர் எம்.சி.பி-யும் வழக்கம். லைட்டுக்குப் போகும் 1.5 வயரில் கிளை பிரித்து ஹீட்டருக்குக் கொடுக்கும் வேலையை எலக்ட்ரீஷியன் ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சுவிட்ச் வெளியே, சாக்கெட் பக்கத்து அறையில்

கப்போர்டு வேலையில் தச்சர் ஒரு பக்கம், எலக்ட்ரீஷியன் ஒரு பக்கம் வேலை பார்த்துவிட்டுப் போவார்கள். இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. விளைவு, மைக்ரோவேவுக்கு நேர் பின்னால் சாக்கெட் வந்துவிடும். ஒருநாள் உள்ளே தீய்ந்த வாசனை வந்தால் பிளக்கைப் பிடுங்க, முதலில் பதினைந்து கிலோ அவனை வெளியே இழுக்க வேண்டும்.

இதற்குத் தீர்வு சுலபம். சாக்கெட்டைப் பொருளுக்குப் பின்னால் வைக்காமல், பக்கத்துக் கப்போர்டு அறையில் கை எட்டும் இடத்தில் வைக்கலாம். நடுப்பலகையில் துளை போட்டு வயரைக் கொண்டு வரலாம். அதைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் கப்போர்டுக்கு வெளியே, மேடைக்கு மேல் இருக்க வேண்டும். சின்ன சிவப்பு இண்டிகேட்டர் விளக்கும் இருந்தால், கதவு சாத்தியிருந்தாலும் உள்ளே மின்சாரம் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். சிங்க் பக்கம் சுவிட்ச் வைப்பதற்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. நின்ற இடத்திலிருந்து ஒரு கையால் குழாயையும் மறு கையால் சுவிட்சையும் ஒரே நேரத்தில் தொட முடிகிறது என்றால், அது தப்பான இடம்.

நம் ஊர்ப் பக்கம் மரக் கப்போர்டைவிட அலுமினியச் சட்டத்தில் பி.வி.சி. ஷீட் பொருத்திய கப்போர்டுதான் அதிகம். கரையான் பயம் இல்லை, விலையும் குறைவு. ஆனால், அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். ஷீட்டை வெட்டிய ஓரமும் சட்டத்தின் விளிம்பும் கத்தி மாதிரி இருக்கும். மிக்ஸி ஓடும்போது அதிரும். அதிர அதிர வயரின் மேலுறை தேயும். உள் கம்பி சட்டத்தில் பட்டால், கப்போர்டு முழுக்க மின்சாரம். ஈரக் கையோடு கைப்பிடியைத் தொடுபவர் யார் என்பதுதான் மிச்சம். வயர் நுழையும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் போடுங்கள். எலக்ட்ரிக்கல் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். சட்டத்தை ஒட்டி வயர் ஓடும் இடமெல்லாம் பைப்புக்குள் ஓடட்டும்.

இழுத்தால் வெளியே வரும் தட்டில் மிக்ஸி வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுவருக்குள் போடும் விறைப்பான வயரை அங்கே பயன்படுத்தக் கூடாது. தட்டு நூறு முறை உள்ளே வெளியே போனால் கம்பி உள்ளுக்குள் முறிந்துவிடும். மிக்ஸியோடு வந்த வளையும் வயரே, போதிய தளர்வோடு சாக்கெட் வரை போக வேண்டும். நடுவில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றும் வேலை கூடாது. வயர் எட்டவில்லை என்றால் சாக்கெட்டைத்தான் நகர்த்த வேண்டும்.

சூடும் ஆவியும் தனிக் கதை. இண்டக்‌ஷன் அடுப்புக்கு அடியில் ஒரு சின்ன ஃபேன் இருக்கிறது. அதற்குக் காற்று வேண்டும். மூடிய அறைக்குள் வைத்து ஓட்டினால் தானாக நின்றுவிடும், நாளடைவில் எலக்ட்ரானிக் போர்டு போய்விடும். மைக்ரோவேவுக்கு மேலேயும் பின்னாலும் எவ்வளவு இடைவெளி என்று அதன் கையேட்டிலேயே படம் போட்டிருப்பார்கள். தச்சரிடம் அளவு சொல்லும் முன் அந்தப் பக்கத்தைக் காட்டிவிடுங்கள். ரைஸ் குக்கரைக் கப்போர்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சமைப்பது வெளியில்தான். ஆரணி அரிசிக்குப் பேர்போன ஊர். அந்தச் சோறு வேகும் ஆவி முழுக்க மேல் பலகையிலும் சாக்கெட்டிலும் இறங்கினால் எந்த வயரிங்கும் நிற்காது.

ஆர்.ஓ. இயந்திரம் எப்போதாவது கசியும். அதன் அடாப்டரைத் தண்ணீர் டியூபுகளுக்குக் கீழே தரையில் போடாமல் மேலே சாக்கெட்டில் மாட்டுங்கள். வயர் சாக்கெட்டை அடைவதற்கு முன் ஒரு சாண் கீழே வளைந்து தொங்கி, பிறகு மேலேறட்டும். வயர் வழியாக வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சாக்கெட்டுக்குப் போகாது. காசே செலவில்லாத வேலை இது. ஆனால், பத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று பார்த்தால் தெரியும்.

சிலிண்டர் இருக்கும் அறையில் சாக்கெட் கூடாது

இதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படிந்து நிற்கும். சிலிண்டர் வைத்த கீழ்க் கப்போர்டுக்குக் கதவும் போட்டு, உள்ளேயே கிரைண்டருக்கு ஒரு சாக்கெட்டும் சுவிட்சும் வைத்தால், அது ஒரு பெட்டிக்குள் வாயுவையும் தீப்பொறியையும் சேர்த்து வைத்த மாதிரி. சுவிட்ச் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே சின்னப் பொறி பறப்பது இயல்பு. மற்ற நேரத்தில் அதனால் ஒன்றும் ஆகாது.

சிலிண்டர் இருக்கும் பகுதிக்குக் கதவே வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்றால் தரையை ஒட்டிக் காற்றோட்டத் துளைகள் கட்டாயம். கதவைத் திறந்தால் எரியும் எல்.இ.டி. விளக்கும் அந்த அறையில் கூடாது. வாயு வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். எந்த சுவிட்சையும் தொட வேண்டாம். எரிந்துகொண்டிருப்பதை அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்கலாம். எல்.பி.ஜி. கசிவுக்கான அவசர எண் அதுதான்.

பச்சை வயர் எங்கே போகிறது?

சாக்கெட்டின் பெரிய மேல் துளைதான் எர்த். மிக்ஸியின் உலோகப் பாகத்தில் மின்சாரம் கசிந்தால், அது நம் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போவதற்கான பாதை. பழைய வீடுகளில் அந்தத் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. இல்லாததைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு: எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. 'எர்த் கொடுத்தாச்சு' என்று சொல்லிவிடுவார்கள். சோதனை பல்பும் பளிச்சென்று எரியும். ஆனால், என்றைக்காவது நியூட்ரல் வயர் எங்கேயாவது விட்டுப்போனால், பேஸிலிருந்து வந்த மின்சாரம் மிக்ஸியின் மோட்டார் வழியாகச் சுற்றி, அந்தத் துண்டு வயரைப் பிடித்து, உலோக உடம்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பொருள் ஓடாது. 'ஏன் ஓடவில்லை' என்று தொட்டுப் பார்ப்பவருக்குத்தான் அடி. டெஸ்டரால் மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. சாக்கெட்டைக் கழற்றிப் பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

வயர் நிறத்திலும் ஒரு பொறி இருக்கிறது. வீட்டு வயரிங்கில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால், இப்போது வரும் பொருள்களின் வயரில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் கோடு எர்த். விசைத்தறிக்காக த்ரீ பேஸ் எடுத்த வீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே பேஸ்! அங்கே 'நீலத்தை நீலத்தோடு சேர்' என்று கட்டினால் நியூட்ரல் போக வேண்டிய இடத்தில் பேஸ் போய் நிற்கும். நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பார்த்தே இணைக்க வேண்டும்.

எர்த் குழியையும் கொஞ்சம் கவனியுங்கள். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த பழைய முறைக் குழி, மண்ணில் ஈரம் இருந்தால்தான் வேலை செய்யும். ஆரணியில் கமண்டல நாகநதியே ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கிறது. சித்திரை வெயிலில் வீட்டு எர்த் குழி எப்படி இருக்கும்? கோடையில் வாரம் ஓரிரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். பல வீடுகளில் அந்தக் குழியின் மேலேயே சிமென்ட் தரை போட்டு மூடியிருக்கிறார்கள்.

'T' பட்டனை அமுக்கிப் பார்த்ததுண்டா?

எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. மனிதரைக் காப்பாற்ற வேறொன்று வேண்டும். அதுதான் ஆர்.சி.சி.பி. பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்கோ கசிந்தால், அதாவது யாரோ ஒருவர் உடம்பு வழியாக மண்ணுக்குப் போனால், கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, இந்தியாவில் ஆண்டுதோறும் 10,000-க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். அதை நினைத்தால் இந்தக் கருவியின் விலை பெரிதாகத் தெரியாது. வீடு முழுக்கப் போட முடியாவிட்டால் சமையலறைக்கும் குளியலறைக்குமாவது முதலில் போடலாம்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரே நேரத்தில் பேஸையும் நியூட்ரலையும் இரு கைகளால் பிடித்தால் ஆர்.சி.சி.பி-க்கு வித்தியாசம் தெரியாது. அது ஓவர்லோடையும் தடுக்காது. எம்.சி.பி. கூடவே இருக்க வேண்டும்.

சில வீடுகளில் மாட்டிய ஒரே வாரத்தில் 'சும்மா சும்மா டிரிப் ஆகுது' என்று அதைக் கழற்றிவிடுகிறார்கள். அது சும்மா டிரிப் ஆவதில்லை. வயரிங்கில் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு பொருளில் கசிவு இருக்கிறது. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தால் குற்றவாளி சிக்கிவிடும். எதையுமே சொருகாதபோதும் டிரிப் ஆனால் கோளாறு சுவருக்குள். அதில் இருக்கும் 'T' பட்டனை மாதம் ஒருமுறை அமுக்குங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் கருவியை மாற்ற வேண்டும்.

வேலைக்கு ஆள் வைக்கும்போது, தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. 'ஒரு பாயின்ட்தானே' என்று தறிக்காரரே மெயினை இறக்கிவிட்டு உட்காருவதும் நடக்கிறது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை இறக்கினாலும் சில வயர்களில் மின்சாரம் இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கப்போர்டு விளக்கை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருந்தால் கதை முடிந்தது. வேலை எதுவானாலும் இரண்டையும் அணைக்க வேண்டும். இண்டக்‌ஷன், ஹீட்டர் என்று புதிதாகச் சேர்க்கும்போது வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதுமா என்பதையும் பார்க்க வேண்டும். மின் வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கேட்கலாம்.

அடுக்களையில் எலி, கரப்பான் தொல்லை இருந்தால் பைப்பின் திறந்த வாய்களை அடைக்கச் சொல்லுங்கள். எலி கடித்த வயர் வெளியே தெரியாது, கப்போர்டுக்குப் பின்னால் இருந்தால் கேட்கவே வேண்டாம். கடைசியாக, எலக்ட்ரீஷியன் வேலையை முடித்து, தச்சர் பின்பலகையை அடிப்பதற்கு முன்னால், கையில் இருக்கும் செல்போனில் அந்தச் சுவரை நாலு போட்டோ எடுத்து வையுங்கள். எந்த வயர் எந்தப் பக்கம் போகிறது, தரையிலிருந்து எத்தனை அடி என்பது தெரிய, டேப்பையும் பக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் யாராவது கரண்டி மாட்ட ஆணி அடிக்க வரும்போது அந்தப் போட்டோ தேவைப்படும்.